காட்லோடியாவில் குடியேறுவது எப்படி: ஒரு மதுரைக்காரியின் வழிகாட்டி

2023 ஜூன் மாதம், வேலை மாற்றலில் மதுரையிலிருந்து அகமதாபாத்துக்கு வந்தேன். நான் விட்டுவந்த தொகுதியின் எம்.பி. மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். வந்து இறங்கிய காட்லோடியா என்ற நகரப் பகுதியின் எம்.எல்.ஏ. குஜராத்தின் முதலமைச்சர், எம்.பி. நாட்டின் உள்துறை அமைச்சர். போதாததற்கு என் அப்பா திராவிடர் கழகத்துக்காரர். தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது, "தண்ணீர் எப்படி இருக்கும் அங்கே?" என்று மட்டும்தான் கேட்டார். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

முதல் ஆறு மாதம் நிறையத் தவறு செய்தேன். சில பணத்தை விழுங்கின. சில பக்கத்து வீட்டுக்காரர்களின் முகத்தைத் திருப்பிவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கொள்கையை மாற்றிக்கொள்ளும் வழி இதில் இல்லை. அது உங்கள் பாடு.

1. வீடு தேடும்போதே நேர்காணல் தொடங்கிவிடும்

தரகர் கேட்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்காது. "வெஜ் கே நான்வெஜ்?" என்பதுதான் அது. பல குடியிருப்புகளில், அதாவது இங்கே எல்லோரும் சொல்கிற 'சொசைட்டி'களில், அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு கிடையாது. இது எழுதி ஒட்டிய விதியாக இருக்காது. சேர்மனும் செக்ரட்டரியும் தலையாட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். நான் முதல் வீட்டில் "வீட்டில் சமைக்க மாட்டேன், வெளியே சாப்பிடுவேன்" என்று சாமர்த்தியமாகச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அந்த வீடு "வேறொருவருக்குப் போய்விட்டது".

பொய் சொல்லி உள்ளே போகாதீர்கள். மீன் பொரிக்கிற வாசனைக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. "அசைவம் சாப்பிடுவோம், வீடு காட்டுங்கள்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால் தரகர் அதற்கேற்ற வீடுகளைக் காட்டுவார். எண்ணிக்கை குறையும், பின்னால் வருகிற அவமானமும் குறையும். எனக்கு ஒன்பதாவது வீடு அமைந்தது.

எனக்கு ஆன செலவு: வாடகை 16,000, முன்பணம் இரண்டு மாத வாடகை, தரகு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க சொசைட்டிக்கு ஒருமுறைக் கட்டணம் 2,000. பராமரிப்புக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மாதம் 1,500 கூடுதலாகப் போயிற்று.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பான் நகல் மூன்று மூன்று, வேலை நியமனக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒரு டஜன், சொந்த ஊர் முகவரிக்கான சான்று, தம்பதி என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ். இவை போக, காவல் நிலையப் படிவத்துக்கு உள்ளூரில் உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். வந்து மூன்று நாளான ஊரில் தெரிந்தவர்களுக்கு எங்கே போவது? எனக்கு இந்த ஒரு கட்டத்தை நிரப்பவே நான்கு நாள் ஆயிற்று. கடைசியில் அலுவலக மேலாளரும், நான் அதுவரை நேரில் பார்த்திராத கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரும் இடம்பெற்றார்கள். வருவதற்கு முன்பே அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னோடு அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த சக ஊழியர் ஒரு முஸ்லிம். சம்பளம் என்னைவிட அதிகம். அவர் சைவ வீடு, அசைவ வீடு என்று பிரித்துத் தேடவே தேவைப்படவில்லை. பெயரைக் கேட்டதும் பேச்சு முடிந்தது. இரண்டரை மாதம் விடுதியில் இருந்துவிட்டு, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஜுஹாபுராவில் வீடு பிடித்தார். அலுவலகம் வந்து போக தினமும் ஒன்றரை மணி நேரம். நான் இங்கே சொல்கிற படிகளில் முதல் படியே எல்லோருக்கும் ஒரே உயரமில்லை. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: குஜராத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி 'பதற்றமான பகுதி' என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் சொத்து கைமாற கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தெரு பட்டியலில் இருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

2. "அட்டக் என்ன?"

அட்டக் என்றால் குடும்பப் பெயர். இங்கே பெயர் மூன்று அடுக்கு: தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், அட்டக். படேல், ஷா, தேசாய் என்று கேட்டவுடன் எதிரில் இருப்பவருக்கு உங்கள் குலம் கோத்திரம் ஏறத்தாழ விளங்கிவிடும். நாமோ இனிஷியலோடு நின்றுவிடுகிற ஆட்கள். சொசைட்டிப் பதிவேட்டில் மூன்றாவது கட்டத்தை நான் காலியாக விட்டேன். செக்ரட்டரி பேனாவை நீட்டியபடி காத்திருந்தார். "இல்லை" என்றேன். "இல்லை என்றால்?" என்றார். "எங்கள் ஊரில் சாதிப் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை" என்றதும், என்னவோ நான் மறைக்கிறேன் என்று அவருக்குப் பட்டுவிட்டது. நான் பெருமையாகச் சொன்னது அவர் காதில் திருட்டு முழியாக விழுந்தது.

பிறகு கண்டுபிடித்த வழி இது. "எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, மூன்றாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுங்கள். உண்மையும் அதுதான். சாதி ஒழிப்பு வரலாற்றை அந்த மேசையில் விரிக்க வேண்டாம். நெருங்கிப் பழகியபின் அவர்களே கேட்பார்கள், அப்போது சொன்னால் காது கொடுப்பார்கள்.

பொறி ஒன்று இருக்கிறது. ஆதாரில் இனிஷியல், பானில் விரித்த பெயர், வங்கியில் வேறொன்று என்று இருந்தால் இங்கே ஒவ்வொரு மேசையிலும் நிற்க வேண்டிவரும். கிளம்புவதற்கு முன்பே மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள். ஊரில் இருக்கும்போது இது ஒரு மாத வேலை. இங்கே வந்து செய்தால் அங்குமிங்கும் ஓடி மூன்று மாதம்.

3. காவல் நிலையத்தில் வாடகைதாரர் பதிவு

வாடகைக்கு விடுகிறவர் குடிவருகிறவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே போலீஸ் கமிஷனரின் உத்தரவு. பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஆனால் "செய்துவிட்டேன்" என்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். ஒப்புகையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒப்பந்தம் போட்ட வாரத்திலேயே முடித்துவிட்டால் நல்லது. சந்தேகப்பட்டு உங்களை மட்டும் கேட்கிறார்கள் என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

4. இந்தியை விடுங்கள், குஜராத்தியைப் பிடியுங்கள்

என் அனுபவத்தில் இந்த ஊரில் எனக்கு மிகுந்த பலன் கொடுத்த முதலீடு இதுதான். ஆன செலவு ஒரு பாலபாடப் புத்தகத்தின் விலை.

இந்தி தெரியாது என்று சொன்னால், அலுவலகத்தில் யாராவது ஒருவர் "தேசிய மொழி தெரியாதா?" என்று கேட்பார். அப்படி ஒரு தேசிய மொழி சட்டத்தில் இல்லை என்பதை 2010இல் சுட்டிக்காட்டியது வேறு எங்குமில்லை, குஜராத் உயர் நீதிமன்றமே. இந்தத் தகவலை நான் ஒருநாள் தேநீர் இடைவேளையில் வெற்றி வீரரைப் போல எடுத்து வீசினேன். எல்லோரும் தேநீரைக் குடித்து முடித்தார்கள். அடுத்த ஒரு வாரம் யாரும் என்னைத் தேநீருக்குக் கூப்பிடவில்லை.

குஜராத்தி கற்கத் தொடங்கியதும் காற்று மாறியது. "மனே குஜராத்தி தோடு தோடு ஆவடே சே", அதாவது எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் குஜராத்தி தெரியும் என்ற ஒரு வாக்கியத்துக்குக் காய்க்காரர் கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தார். அவர்களுக்கும் இந்தி அடுத்த வீட்டு மொழிதான். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இந்தியிலேயே காலத்தை ஓட்டிவிட்டுப் போகிற ஊரில், தாய்மொழியைப் பேச முயல்கிற ஒருவரைப் பார்த்தால் மனம் இளகிவிடுகிறது. மொழிப்பற்று நமக்கு மட்டும் சொந்தமா என்ன?

எழுத்துக்கு இரண்டு வாரம் போதும். எண்களை முதலில் படியுங்கள்; நகரப் பேருந்துகள் பலவற்றில் தட எண்ணே குஜராத்தி இலக்கத்தில்தான் இருக்கும். பிறகு 'கேட்லா' (எவ்வளவு), 'சால்ஷே' (பரவாயில்லை, நடக்கும்), 'கேம் சோ' (எப்படி இருக்கிறீர்கள்), 'மஜா மா' (நன்றாக இருக்கிறேன்). விடைபெறும்போது 'ஆவ்ஜோ' என்பார்கள். 'வாருங்கள்' என்று பொருள். நாம் 'போய் வருகிறேன்' என்கிறோம், இவர்கள் 'வாருங்கள்' என்கிறார்கள். 'போகிறேன்' என்று சொல்ல இரண்டு ஊருக்கும் வாய் வரவில்லை.

விளிச்சொற்களில் கொஞ்சம் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும். பெண்களின் பெயரோடு மரியாதைக்கு 'பேன்' சேர்ப்பார்கள். அலுவலக மின்னஞ்சலில் என் பெயருக்குப் பின்னால் பேன் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து என் தங்கை இரண்டு நாள் சிரித்தாள். வயதான ஆண் 'காகா', அம்மா வயதுப் பெண் 'மாசி'. பெயரை மட்டும் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள்.

வணக்கச் சொல் தனிப் பாடம். பக்கத்து வீட்டு மாசி கதவைத் திறந்ததும் "ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா" என்பார்; மேல் தளத்து ஜைனக் குடும்பம் "ஜெய் ஜினேந்திரா". முதல் வாரம் இதையெல்லாம் கட்சி முழக்கம் என்று எடுத்துக்கொண்டு விறைத்து நின்றேன். அவர்களுக்கு அது நம் 'வணக்கம்' போல. தொலைபேசியை எடுத்தாலும் அதுதான். இப்போது மாசிக்கு அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறேன். ஊர்வலத்தில் கத்தச் சொன்னால் கத்த மாட்டேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கும் தெரியும். அப்பாவுக்குத்தான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

5. சொசைட்டி வாட்ஸ்அப் குழு

தண்ணீர் எப்போது வரும், லிஃப்ட் எப்போது சரியாகும் என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். ஆகவே சேராமல் இருக்க முடியாது. ஆனால் பத்தில் ஆறு செய்தி அரசியல். அதில் இரண்டு அப்பட்டமான பொய்யாக இருக்கும். தமிழ்நாட்டைப் பற்றி வரும் பொய்தான் கையைப் பரபரக்க வைக்கும்.

மூன்று மாதம் எதற்கும் பதில் எழுதாதீர்கள். கோபித்துக்கொண்டு வெளியேறவும் வேண்டாம்; வெளியேறினால் 'இன்னார் வெளியேறினார்' என்று எல்லோர் திரையிலும் வரும், அதை எந்தப் பதிலைவிடவும் பெரிய பதிலாக எடுத்துக்கொள்வார்கள். நான் ஒருமுறை, எங்கள் ஊர்க் கோயில் ஒன்றைப் பற்றிய வதந்திக்கு மட்டும், குழுவில் போட்டவரைப் படிக்கட்டில் பார்த்தபோது நேரில் சொன்னேன். "நான் போன மாதம் அங்கே போயிருந்தேன், அப்படி எதுவும் இல்லை" என்றேன். அவர் அன்று இரவே செய்தியை நீக்கிவிட்டார். குழுவில் எழுதியிருந்தால் நாற்பது பேர் முன்னால் அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

பேச வேண்டும் என்று வாய் துடித்தால் 'பூவா'வைப் பற்றிப் பேசுங்கள். மழைக்காலத்தில் சாலை திடீரென்று உள்வாங்கி விழுகிற பெரும் பள்ளத்துக்கு இங்கே பூவா என்று பெயர். மாநகராட்சியைத் திட்டுவதில் கட்சி வேறுபாடு கிடையாது. ஆளுங்கட்சிக்கு ஆயுட்கால ஓட்டு வைத்திருக்கும் காகாதான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டுவார்.

6. "யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?"

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மதுரை போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினேன். குஜராத்தில் மே 7தான். ஆக, பதினெட்டு நாளாக காட்லோடியாவில் விரலில் மையோடு திரிந்தது அநேகமாக நான் ஒருத்திதான். லிஃப்டில், காய்வண்டியில், அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் 'கிட்லி'யில் (தேநீர்க் கடையை இப்படித்தான் சொல்வார்கள்), எங்கே கையை நீட்டினாலும் அதே கேள்வி.

முதலில் மழுப்பினேன். மழுப்பினால் பேச்சு நீள்கிறது. உங்கள் பதிலை அவர்களே ஊகித்து அதனோடு சண்டை போடத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு நேராகச் சொல்லத் தொடங்கினேன்: "நான் உங்கள் கட்சிக்குப் போடவில்லை." ஒரு நொடி அமைதி. அதன்பின் "ஏன்?" என்று கேட்டால் ஒரே ஒரு காரணம், அதுவும் என் வாழ்க்கையிலிருந்து: "எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், இட ஒதுக்கீட்டில் படித்தேன், எங்கள் ஊர்க் கட்சிகள்மேல் அந்த நன்றி உண்டு." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் இரண்டானால் பட்டிமன்றம் ஆகிவிடும். கேட்டவருடைய காரணத்தையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், நடுவில் வெட்டாமல். கிட்லிக்காரருக்கு அது சாலையும் இருபத்துநான்கு மணி நேர மின்சாரமும். சொல்ல விருப்பமில்லை என்றால் "ரகசிய வாக்கு" என்று சிரித்துவிட்டு 'அட்தி', அதாவது அரைத் தேநீர், சொல்லுங்கள். அதுவும் செல்லும்.

ஜூன் 4, முடிவு வந்த நாள். தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணிக்கு 39க்கு 39, குஜராத்தில் பா.ஜ.க.வுக்கு 26க்கு 25. அலுவலகத்தில் பேடா கொடுத்தார்கள். "நீங்களும் ஜெயித்தீர்கள்" என்று சொல்லி எனக்கு மட்டும் இரண்டு. இரண்டையும் சாப்பிட்டேன்.

இந்த நகரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2022 சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. 182இல் 156 வென்ற அலையிலும் இந்த நகரத்துத் தொகுதிகளான ஜமால்பூர்-காடியா, தாணிலிம்டா இரண்டும் காங்கிரஸிடம்தான் இருந்தன. எட்டு மாதம் என்னோடு சாப்பிட்ட ஒருவர் ஒருநாள் தணிந்த குரலில் தன் மனத்தைச் சொன்னார். அதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பதும் இங்கே பழகுவதில் ஒரு பகுதி.

7. வாக்காளர் பட்டியலில் இடமாற்றம்

வழக்கமாக வசிக்கிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். இரண்டு ஊரில் இருக்கக்கூடாது. ஊர்ப் பாசத்தில் அங்கே விட்டுவிட்டு இங்கே புதிதாகப் படிவம் 6 நிரப்புவதுதான் பலர் செய்யும் தவறு. ஏற்கெனவே அட்டை உள்ளவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை.

சிக்கல் முகவரிச் சான்றில். கேட்பது பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம். நம் கையில் இருப்பதோ நோட்டரி கையெழுத்திட்ட பதினோரு மாத ஒப்பந்தம். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில். ஆகவே முதலில் வங்கியில் முகவரியை மாற்றி முத்திரையிட்ட பாஸ்புக் வாங்குங்கள்; அதை வைத்து ஆதாரில் மாற்றம்; பிறகு படிவம் 8. எனக்கு மொத்தம் ஏழு வாரம். சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அந்த நாளில் பக்கத்து வீட்டில் ஒருவராவது "ஆமாம், இங்கேதான் இருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். முந்தைய படிகளையெல்லாம் ஒழுங்காகச் செய்தீர்களா என்பது அன்று தெரிந்துவிடும்.

8. பண்டிகைக்கு ஒதுக்க வேண்டிய பணமும் தூக்கமும்

'ஃபாளோ' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தா. நவராத்திரிக்கு எங்கள் சொசைட்டியில் வீட்டுக்கு 1,500. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் கடைசி நாள் சாப்பாட்டுக்கும் போகிறது. ஒன்பது இரவும் கர்பா நடனம் நடக்கும். தூக்கம் போகும் என்பதால் அந்த வாரத்தில் காலைக் கூட்டங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆரத்தியின்போது சற்றுத் தள்ளி நின்றாலும், வட்டம் சுற்றும்போது உள்ளே போய்விடுங்கள். கைதட்டுக் கணக்கு தவறும். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஜனவரி 14, 15 உத்தராயண். நம் பொங்கலை ஒட்டி வரும். ஊரே பட்டம் விட மொட்டை மாடியில் இருக்கும். விரல்களுக்கு மருத்துவப் பட்டி சுற்றிக்கொள்ளுங்கள், மாஞ்சா நூல் அறுத்துவிடும். சீன மாஞ்சா தடைசெய்யப்பட்டது. மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

முதல் உத்தராயணுக்கு நான் ஒரு தூக்கு நிறையச் சாம்பார் செய்து மேல் தளத்துக்குக் கொண்டுபோனேன். சின்ன வெங்காயம் உரித்து உரித்துக் கண் எரிந்தது. அந்த வீட்டு அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் தூக்கு கழுவித் துடைத்து, உள்ளே சுக்டி என்ற இனிப்பு நான்கு துண்டோடு திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கேயும் இல்லை. சாம்பார் வாசல் காவலருக்குப் போயிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்கடியில் விளைகிறவற்றைச் சாப்பிட மாட்டார்கள். அடுத்த ஆண்டு சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். தூக்கு அன்றே திரும்பி வந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்ற கேள்வியோடு.

தமிழ் கேட்க ஏங்கினால் மணிநகர் பக்கம் போங்கள். ஆலை வேலைக்கு வந்த தமிழர்களின் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன. மாதம் ஒருமுறை போதும். ஒவ்வொரு ஞாயிறும் அங்கேயே கிடந்தால் காட்லோடியா உங்களுக்கு விடுதி அறையாகவே இருந்துவிடும்.

9. பெட்டியில் பாட்டில் வேண்டாம்

குஜராத்தில் மதுவிலக்கு. பெர்மிட் இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. நண்பருக்குப் பரிசு என்றாலும் கொண்டுவராதீர்கள். சொசைட்டியில் பெயர் கெடுவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

10. பதினோராவது மாதம்

ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். பத்து சதவீதம் ஏற்றிக் கேட்பார். எனக்கு ஏழில் முடிந்தது. குஜராத்தியில் பேரம் பேசியதற்கு மூன்று சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். புது ஒப்பந்தம் என்றால் காவல் நிலையப் படிவமும் புதிது. அதே இரண்டு உள்ளூர்ப் பெயர்களுக்கான கட்டம் மறுபடியும்.

அந்தப் படிவத்தை நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது மாசி எட்டிப் பார்த்தார். விரலில் மை இருந்த நாளில் என்னோடு இரண்டு வாரம் சரியாகப் பேசாதவர்தான். பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில் தன் பெயரையும் எண்ணையும் தானே எழுதினார். "உறவு" என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு "படோசி", பக்கத்து வீடு, என்று போட்டார். அப்படி எழுதிக் கொடுப்பவரின் ஆதார் நகலையும் நிலையத்தில் கேட்டார்கள். மறக்காமல் வாங்கிப் போங்கள், இரண்டு பிரதி.